மாருதப்புரவீகவல்லி கதையும் அதனைப் படித்தோரும்

கீரிமலையிலே மலை எதுவும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், அலை வந்து மோதும் சுண்ணக்கற் பாறையின் அருகே, நன்னீர் ஊறும் கேணி ஒன்று உண்டு, அவ்வளவே. உள்நாட்டிற் பெய்த மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே நிலத்தின் கீழ் ஓடிவந்து கடலோரத்திலே வெளிப்படுகின்றது என்பர் நிலவியலார். உவர்க்கடலின் விளிம்பிலே இனிய நீர் ஊறக் கண்ட முன்னோர் அதனைச் சாதாரண நீராகக் கருதவில்லை. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி மனித முகம் பெற்றார் என்றனர். அவர் பெயராலே நகுலேசுவரம் என்னும் சிவாலயமும் அங்கே விளங்குகின்றது. அதே நீரில் மூழ்கித் தன் குதிரைமுகம் நீங்கப்பெற்றாள் என்று சொல்லப்படும் சோழநாட்டு இளவரசி ஒருத்தியின் கதையே இங்கு ஆராயப்படுவது. அதிலும், கதையினைவிட அதனைப் படித்தோர் என்ன சொன்னார்கள் என்பதே பெரிதும் ஆராயத்தக்கது.

கதையை நேயர்கள் பலரும் அறிவர். திசையுக்கிர சோழன் என்னும் மன்னனுக்கு மாருதப்புரவீகவல்லி என்று ஒரு மகள். அவளைக் குன்மநோய் வருத்தியது. முகமோ குதிரைமுகமாய் இருந்தது. மருந்துகள் பயன்படாதொழிய, சந்நியாசி ஒருவரின் சொற்படி அவள் பரிவாரத்துடன் கடல் கடந்து வந்து, கீரிமலையருகே பாளையமிட்டுத் தங்கி, நாள்தோறும் நீராடினாள். நோயும் நீங்கிற்று, குதிரைமுகமும் நீங்கிற்று. அவள் தங்கியிருந்த இடம் குமாரத்திபள்ளம் எனப்பட்டது. மா என்பது குதிரை. அம்முகம் விட்டகன்ற ஊர் ஆதலின் மாவிட்டபுரம் என்று பெயர் வந்ததாம். அவ்வூரிலே கந்தசுவாமி கோயில் எழுந்தது. அதற்கென அனுப்பப்பட்ட காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. அக்காலத்திற் கதிரமலையிலிருந்து அரசாண்டவன் உக்கிரசிங்கன், விசயனின் தம்பி மரபில் வந்தவன், சிங்கமுகம் உடையவன். கீரிமலைக்கு வந்த அவன் இளவரசியைக் கண்டு காதல்கொண்டு, பிறர் அறியாவகை அவளைக் கவர்ந்துசென்று மனைவியாக்கிக்கொண்டான். அவர்களுக்குப் பிறந்த மகனே யாழ்ப்பாடிக்கு மணற்றிடரைப் பரிசளித்தவன் என்று கதை மேலும் செல்கிறது.

இக்கதையை உரைநடையில் நிலைபெறச் செய்தவர் மாதகல் மயில்வாகனப் புலவர். உலாந்தேசுத் தளபதி மேக்கறூன் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, 1736ஆம் ஆண்டளவில், யாழ்ப்பாண வைபவமாலையை அவர் இயற்றினார். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அவர்க்கு ஆதாரங்களாய் இருந்தன. ஆகவே அவரும் ஒரு வாசகரே. முந்திய நூல்களைப் படித்துத் தமக்குப் பொருத்தமெனக் கண்டதைத் தொகுத்தவர். வையாபாடலில் இளவரசியின் பெயர் மாருதப்பிரவை என்று வரும். பெயர் எவ்வாறு நின்றபோதிலும் அதனுள்ளே ஒரு புரவி ஒளிந்திருப்பதுபோலத் தோன்றுகிறது. முகத்திலிருந்து பெயர் வந்ததோ, பெயரிலிருந்து முகம் வந்ததோ, யார் அறிவார்!

புலவர் எழுதிய காலத்தை மறத்தலாகாது. 1619ஆம் ஆண்டிற் சங்கிலி மன்னன் போர்த்துக்கேயரிடம் அகப்பட, யாழ்ப்பாண அரசு முடிவுற்றது. வைபவமாலை தோன்றியது அதன்பின் நூற்றுப்பதினேழு ஆண்டுகள் கழிந்தபிறகு. அரசும் கொடியும் இல்லை. பழங்கோயில்கள் பல இடிந்து கிடந்தன. ஆட்சியோ வேற்று மதத்தாரான அயலார் கையில் இருந்தது. அத்தகைய காலத்திலே ஆளுந் தளபதி ஒருவன், உங்கள் நாட்டின் பழைய செய்தி யாது என்று கேட்கிறான். புலவர் கொடுத்த விடையில் அரசியல் இல்லாமற் போகுமா? தென்னிலங்கையார் விசயனையும் சிங்கபாகுவையும் தம் முன்னோர் எனக் கூறுவர். மகாவமிசத்தின்படி சிங்கபாகு சிங்கத்துக்குப் பிறந்தவன். வைபவமாலையோ அந்த விசயனையே சிவாலயத் திருப்பணி செய்தவனாகக் காட்டி, அவன் தம்பியின் வழியிலே வடபுலத்துக்கும் ஒரு சிங்கமன்னனைத் தருகின்றது. அவனுக்குச் சோழன் மகளை மணமுடிக்கின்றது. இத்தீவின் உரிமை தந்தைவழியிலும், தமிழகத்தின் பெருமை தாய்வழியிலும் வந்து சேர்கின்றன. யாழ்ப்பாணத்தார் வந்தேறிகளும் அல்லர், வேரற்றவர்களும் அல்லர் என்பதனை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது. விலங்குமுகங்களை நீக்கிப் பார்த்தால் இஃது ஓர் அரசியற் கற்பனை. அதன் நடுநாயகமாக நிற்பவள் ஒரு பெண்.

இனிப் பிற்காலத்து வாசகர்களைப் பார்க்கலாம். 1879இல் பிரித்தோ என்பவர் வைபவமாலையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தமிழ் அறியாதாரும் நூலைப் படிக்க வழி பிறந்தது. அதனை ஐயுறவும் வழி பிறந்தது. 1912இல் யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதிய முத்துத்தம்பிப்பிள்ளையும், 1918இல் யாழ்ப்பாண வைபவ கௌமுதியை வெளியிட்ட வேலுப்பிள்ளையும் பழைய செய்திகள் அழியாமற் காத்தலையே தலையாய பணியாகக் கொண்டனர். முதலியார் இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய பெருநூலிலே, கதையைத் தள்ளாமல் அதனுள்ளிருக்கும் வரலாற்றைத் தேடினார். கதிரமலை என்பது கந்தரோடையே என்று கண்டவர் அவர். கந்தரோடை வெறும் கற்பனையூர் அன்று. 1917ஆம் ஆண்டையொட்டிப் போல் பீரிசு அங்கே பௌத்தச் சின்னங்களைக் கண்டு வெளியிட்டிருந்தார். பின்னர் 1970இல் நிகழ்ந்த அகழ்வும் அவ்வூர் கிறித்துவுக்கு முற்பட்ட தொன்மையுடையது என உறுதிப்படுத்தியது. எனினும், ஊர் பழையது என்பதனால் அவ்வூர் மன்னனுக்குச் சிங்கமுகம் இருந்தது மெய்யாகிவிடாது.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் வேறு வகையான வாசகர். 1928இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே யாழ்ப்பாண வைபவ விமர்சனம். செய்தியைச் செவிவழிக் கதையினின்றும் பிரித்தெடுத்தல் வேண்டும், ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் காரணக்கதையைக் கேட்டமாத்திரத்தில் நம்புதல் கூடாது என்ற கண்டிப்பு அவருடையது. பெயருக்கு விளக்கம் தேடுவார் கதை படைப்பர் என்பது உலகெங்கும் காணும் வழக்கு. மாவிட்டபுரம் என்ற பெயர் முன்னரே இருந்திருப்பின், குதிரைமுகம் பின்னர் வந்து அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

காலக்கணக்கும் இடறுகிறது. உக்கிரசிங்கனின் காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதி என்பது வழக்கு. அந்நாளிற் சோழர் பேரரசர் அல்லர். விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது 850ஆம் ஆண்டளவிலே. அதற்குமுன் பல்லவரும் பாண்டியரும் ஓங்கிநிற்க, சோழர் ஒடுங்கியிருந்தனர். திசையெட்டும் நடுங்க ஆண்ட உக்கிர சோழன் ஒருவனை அக்காலத்துக் கல்வெட்டுக்கள் அறியா. பேராசிரியர் இந்திரபாலா 1965இல் எழுதிய ஆய்விலும், பேராசிரியர் பத்மநாதன் 1978இல் வெளியிட்ட நூலிலும் யாழ்ப்பாண அரசின் உறுதியான வரலாறு பதின்மூன்றாம் நூற்றாண்டினை ஒட்டியே தொடங்குகிறது. மாருதப்புரவீகவல்லி அதற்கு வெளியே, பனிமூட்டத்தினுள் நிற்கின்றாள்.

ஆயினும், மெய்யன்று என்று தள்ளியவுடன் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. சோழர் மெய்யாகவே இலங்கைக்கு வந்தனர். 993ஆம் ஆண்டளவில் இராசராசனின் படை அநுராதபுரத்தை வென்றது; சோழராட்சி 1070 வரை நீடித்தது. இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டுத் துண்டொன்று யாழ்ப்பாணக் கோட்டையிலேயே கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் நீடித்த அவ்வாட்சி, வைபவமாலை கூறும் யாழ்ப்பாணக் கதையில் இடம்பெறவில்லை. வாளும் வேலுமாய் வந்த சோழம் மக்கள் நினைவில் மங்கி, நோய்தீர நீராட வந்த ஒரு பெண்ணின் உருவிலே எஞ்சியிருத்தல் கூடும். இது கருத்தேயன்றி முடிபன்று.

குதிரைமுகத்துக்கும் பழைய உறவுகள் உண்டு. பண்டுகாபயனுக்குத் துணைநின்ற இயக்கி ஒருத்தி பெட்டைக் குதிரையின் வடிவினள் என்றும், அரசனான பின் அவளை அவன் அரண்மனை எல்லைக்குள்ளேயே வைத்துப் போற்றினான் என்றும் மகாவமிசம் கூறுகின்றது. மதுரைக்கு வந்தால் தடாதகைப் பிராட்டியார் இருக்கின்றார். மூன்று தனங்களோடு தோன்றியவர். தமக்குரிய நாயகனைக் கண்டவுடன் ஒன்று மறைந்தது என்பது திருவிளையாடற் புராணம். உடலிலே ஒரு விகாரம், அது நீங்குதல், நீங்கியபின் அரசும் மணமும் கைகூடுதல் என்ற அமைப்பு மூன்றிடத்திலும் முற்றும் ஒத்ததன்று. எனினும் உறவு தெரிகிறது. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்தல் தகும். தடாதகை முடிசூடி ஆண்டவர், திக்குவிசயம் செய்தவர், போர்க்களத்திலே தம் நாயகனைச் சந்தித்தவர். மாருதப்புரவீகவல்லியோ கவர்ந்துசெல்லப்பட்டாள். கடல் கடந்து வரத் துணிந்தவள். வேற்று நிலத்திலே பாளையமிட்டு வாழ்ந்தவள். கோயிலும் துறையும் அவளாலே பெயர்பெற்றன. உக்கிரசிங்கன் கை பட்ட பிறகு கதை அவளைவிட்டு அவள் பிள்ளைகளிடம் தாவிவிடுகின்றது.

இதனை வாசகர்கள் போதிய அளவு கவனித்தார்களா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். உக்கிரசிங்கன் எந்த மரபினன், எந்த ஆண்டினன், எங்கிருந்து ஆண்டான் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. சிங்கமுகத்துக்கு, அது கொடியின் குறி என்றும் குலத்தின் குறி என்றும் நயமான விளக்கங்கள் சொல்லப்பட்டன. அரசன் முகத்திற்குக் கிடைத்த இந்த மரியாதை இளவரசியின் முகத்திற்குக் கிடைக்கவில்லை. அவளுடையது நோய், அவனுடையது பெருமை. அவள் முகம் மாறவேண்டியிருந்தது; அவன் முகம் மாறவேண்டும் என்று எந்த முனிவரும் சொல்லவில்லை. இரவிற் கவர்ந்துசென்ற செயலையும் பலர் காதல் என்று கூறிக் கடந்துவிட்டனர். இராவணன் செய்தால் ஒரு நீதி, உக்கிரசிங்கன் செய்தால் ஒரு நீதியோ என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏடு படியாத வாசகர்களும் இக்கதைக்கு உண்டு, அவர்களே பெரும்பாலார். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். அன்று தந்தையை இழந்தோர் கடமை செய்யவும் அங்கே கூடுவர். அக்கூட்டத்திலே ஒரு பாட்டி பேரப்பிள்ளைக்குக் குதிரைமுகக் கதையைச் சொல்லும்போது 850ஆம் ஆண்டு அவளுக்கு இடையூறு செய்வதில்லை. நோயுற்ற பிள்ளை குளித்தாள், சுகமானாள் என்பதே அவள் கண்ட பொருள். அந்த வாசிப்பையும் இலேசாகத் தள்ளுதல் ஆகாது.

அக்கதை யாருக்கு உரியது என்ற வினா ஒருமுறை மிகக் கடுமையாகவே எழுந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியிருந்தும், குடாநாட்டுக் கோயில்கள் பலவற்றின் கதவு ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே அம்மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். எதிர்ப்பும் வலுவாக இருந்தது. உள்ளே செல்ல வந்தவர்கள் தாக்கப்பட்டனர். பிறர் கண்டு அருவருக்கும் முகத்தோடு வந்த ஒருத்தியைத் தீர்த்தம் விலக்கவில்லை என்று சொல்லும் கதையினாற் புகழ்பெற்ற தலம் அது. அந்நாளிற் கதையை நன்கறிந்தோர் வாயிலின் இருபுறத்திலும் நின்றனர்.

1990இல் மற்றொரு துன்பம் வந்தது. போர் காரணமாக அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டன. மாவிட்டபுரத்தைக் காணாமலே மாவிட்டபுரத்தின் பெயர்க்காரணத்தை அறிந்து வளர்ந்த தலைமுறை ஒன்று உருவாயிற்று. போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட, திரும்பி வந்தோர் பலர் வீட்டின் எல்லையையே புதர்களுக்குள் தேடவேண்டியிருந்தது. வேலியும் கிணறும் அழிந்த இடங்களிலே பழைய காணிப் பெயர்களே வழிகாட்டின.

அப்பெயர்களுள் ஒன்று குமாரத்திபள்ளம். குமாரத்தி என்றால் அரசன் மகள். அவள் உக்கிரசிங்கனுக்குத் தேவியானாள், மன்னனுக்குத் தாயானாள் என்று ஏடுகள் கூறுகின்றன. அந்தப் பள்ளத்துக்குப் பெயரிட்டவர்கள் அவளைத் தேவி என்று அழைக்கவில்லை. சிங்கமன்னன் வந்து சேர்வதற்கு முன்பு, தன் பாளையத்திலிருந்து நாள்தோறும் நீராடப் புறப்பட்ட குமாரத்தியாகவே அவளை அங்கே விட்டுவைத்தனர்.