நிழல் காட்டும் வரலாறு: வான்வழித் தொல்லியல் ஒளிப்படம்

புல் மூடிய நிலத்தில் ஒரு சாண் உயரமே எஞ்சியிருக்கும் பழைய மண்கரை, நண்பகலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதே கரை காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் நீண்ட நிழலை வீழ்த்துகிறது. அந்த நிழலை வானிலிருந்து படம்பிடித்து, மறைந்துபோன கோட்டைகள், வயல்கள், ஊர்கள் ஆகியவற்றின் வடிவத்தை அறியும் முறை வான்வழித் தொல்லியலின் ஒரு பிரிவாகும். இவ்வாறு நிழலால் வெளிப்படும் இடங்கள் 'நிழல் தடங்கள்' எனப்படுகின்றன. கோலத்தின்மேல் ஊரும் எறும்பு ஒரு கோட்டை மட்டுமே அறியும். நின்று பார்ப்பவருக்கு முழுக் கோலமும் தெரியும். வானிலிருந்து பார்ப்பதன் பயனும் இதுவே.

தொடக்கம்

1906ஆம் ஆண்டில் பிரித்தானியப் படையின் லெப்டினன்ட் பிலிப் ஷார்ப் பலூனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சைப் படம் எடுத்தார். இங்கிலாந்தின் தொல்லிடம் ஒன்றை வானிலிருந்து காட்டிய முதல் படங்களாக இவை கருதப்படுகின்றன. முதல் உலகப் போரில் எதிரியின் பதுங்குகுழிகளை உளவு பார்க்க வளர்த்தெடுக்கப்பட்ட வான்படக்கலை, போருக்குப்பின் தொல்லியலுக்கு உதவியது.

இத்துறைக்கு முறையான அடித்தளம் இட்டவர் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட் (1886–1957). பம்பாயில் பிறந்த இவர், போரில் விமானப் பார்வையாளராகப் பணியாற்றினார். 1920இல் பிரித்தானிய நிலவரை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் முதல் தொல்லியல் அலுவலரானார். 1922இல் விமானப்படை எடுத்த ஹாம்ப்ஷயர் நிலப்படங்களைப் பார்த்த அவர், அவற்றில் இருந்த கோடுகள் பழங்கால வயல் வரப்புகள் என்பதைக் கண்டுகொண்டார். 1924இல் அலெக்சாண்டர் கெய்லருடன் சேர்ந்து வெசெக்ஸ் பகுதியின்மீது பறந்து எடுத்த படங்கள் 1928இல் நூலாக வெளிவந்தன. அதே காலகட்டத்தில் பிரெஞ்சுப் பாதிரியார் அந்துவான் புவாதபார், சிரியப் பாலைவனத்தில் ரோமானியரின் சாலைகளையும் காவல்கோட்டைகளையும் சாய்வெயிலில் படம்பிடித்துத் தேடினார்.

நிழலின் கணக்கு

30 செ.மீ. உயரமுள்ள கரை, சூரியன் 45 பாகையில் இருக்கும்போது 30 செ.மீ. நிழலையே தரும். சூரியன் 10 பாகைக்கு இறங்கினால் நிழல் ஏறத்தாழ 1.7 மீட்டராகும்; 5 பாகையில் 3.4 மீட்டரைத் தாண்டும். இன்னும் தாழ்ந்தால் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து வடிவம் குழம்பிவிடும். ஆகவே பயனுள்ள நேரம் குறுகியது.

திசையும் முக்கியமானது. வெயில் வரும் திசைக்கு இணையாக ஓடும் கரைக்கு நிழல் அநேகமாக விழுவதில்லை. எனவே ஒரே இடத்தைக் காலையிலும் மாலையிலும், வெவ்வேறு பருவங்களிலும் படம்பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு படத்தில் இல்லாத சுவர் மற்றொரு படத்தில் தோன்றுவது இதனால்தான்.

வானிலை என்னும் தடை

ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் சுமார் 15 பாகை உயரமே ஏறும். புல்லும் அப்போது குட்டையாக இருக்கும். நிழல் படத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் மேகமும் மழையும் மூடுபனியும் மிகுந்த காலமும் அதுதான். விமானம் புறப்படும்போது இருந்த வெயில், இடத்தை அடைவதற்குள் மறைந்துவிடலாம். பறந்த செலவு வீணாகும்.

ஆளில்லா சிறு வானூர்தியான ட்ரோன் இந்த நிலையை மாற்றியது. ஆய்வாளர் நிலத்திலேயே காத்திருந்து, மேகம் விலகும் சில நிமிடங்களில் அதை மேலே அனுப்ப முடிகிறது. மேகத்துக்குக் கீழே, தாழ்வாகப் பறப்பதால் படமும் தெளிவாக அமைகிறது. ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. பலத்த காற்று அதைத் தள்ளிவிடும். மழை மின்பாகங்களைக் கெடுக்கும். குளிரில் பேட்டரியின் பறக்கும் நேரம் குறையும். பிரித்தானியாவில் பொதுவாக 120 மீட்டருக்குமேல் பறக்க அனுமதியில்லை.

மேகமும் உதவும்

ட்ரோன் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை இணைத்துக் கணினியில் நிலத்தின் முப்பரிமாண வடிவத்தை உருவாக்கலாம். இதற்கு அடர்ந்த நிழல் இடையூறு. மேகமூட்டத்தின் சீரான ஒளியே ஏற்றது. வடிவம் கிடைத்தபின், கணினியில் ஒரு செயற்கைச் சூரியனை வேண்டிய திசையில், வேண்டிய உயரத்தில் நிறுத்தி நிழலை வரவழைக்கலாம். வெயிலுக்காகக் காத்திருந்த கலை, வெயில் இல்லாத நாளையும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. ஆயினும் இம்முறை புல்லின் நுனியையே அளக்கிறது. உயர்ந்த புல்லில் சிறு மேடுகள் மறைந்துவிடும். அங்கே இலைகளின் இடைவெளி வழியே நிலத்தைத் தொடும் லேசர் அளவீடு தேவைப்படுகிறது.

உழவுக்கு முன்

இந்த அவசரத்துக்குக் காரணம் வானிலை மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போதும் அதற்குப் பின்னும் இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலங்கள் பல டிராக்டரால் உழப்பட்டன. ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டுகள் புல்லின்கீழ் நிலைத்திருந்த வரப்புகள் சில பருவ உழவில் மட்டமாயின. மட்டமான நிலத்துக்கு நிழல் இல்லை. அடியில் புதைந்த அகழிகளைப் பயிரின் நிறவேறுபாடு சில கோடைகளில் காட்டக்கூடும். மேலே இருந்த மண்கரையின் உயரமும் சரிவும் திரும்பக் கிடைப்பதில்லை. அவ்வாறு அழிந்த இடங்கள் பலவற்றுக்குப் பழைய கறுப்பு வெள்ளை வான்படங்களே இன்று முதன்மைச் சான்று. ஒரு மாலையில் சிறிது நேரம் விழுந்து மறைந்த நிழல், அந்த மண்ணைவிட நெடுங்காலம் நிலைத்திருக்கிறது.