பியெர்தான் கோட்டைத் தேவாலயம்

ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியில், சிபியு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் பியெர்தான். ஊர் நடுவிலுள்ள குன்றின்மேல், மூன்று சுற்று மதில்களுக்குள் இக்கோயில் நிற்கிறது. கூரை வேய்ந்த மரப்படிக்கட்டு வழியே மேலே ஏற வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் அங்கேரி மன்னர் இரண்டாம் கேசா எல்லைக் காவலுக்காக ஜெர்மன் மொழி பேசுவோரை இப்பகுதியில் குடியேற்றினார். சாக்சன்கள் எனப்பட்ட அம்மக்களின் ஊரான பியெர்தான் 1283ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாகக் குறிக்கப்படுகிறது. திராட்சைத் தோட்டங்களால் ஊர் செழித்தது. கூடவே துருக்கியப் படைகளைப் பற்றிய அச்சமும் வளர்ந்தது. கோட்டை கட்டித் தர ஒரு பிரபுவும் இல்லாத குடியானவர்கள், கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். இன்றுள்ள பிற்கால கோதிக் கட்டடம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் முடிந்தது. பலிபீடத்தில் 28 ஓவியப் பலகைகள் உள்ளன.

இவற்றையெல்லாம் விட நின்று பார்க்க வேண்டியது, திருப்பாத்திரங்கள் வைக்கும் உள்ளறையின் கதவு. 1515இல் செய்யப்பட்டது. முன்பக்கம் நுணுக்கமான மரப்பதிப்பு வேலை; பின்பக்கம் முழுக்க இரும்பு. பூட்டை முடுக்கினால் பத்துக்கும் மேற்பட்ட தாழ்கள் ஒரே நேரத்தில் நிலைச்சட்டத்துக்குள் பாயும். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கே இதைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் சாக்சன்கள் லூத்தரன் சபைக்கு மாறினர். 1572 முதல் 1867 வரை அவர்களுடைய பேராயரின் இருக்கை இக்கிராமத்தில்தான் இருந்தது. அதன் பிறகே சிபியு நகரத்துக்குப் போனது. அக்காலத்தில் மணமுறிவு கேட்டு வந்த தம்பதியரை மதிலை ஒட்டிய சிற்றறையில் ஒரே கட்டில், ஒரே தட்டு, ஒரே கரண்டியோடு அடைத்துவைப்பார்களாம். 300 ஆண்டுகளில் ஒரே ஒரு தம்பதிதான் பிரிந்தது என்பது ஊர்ப்பேச்சு. அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அடைபட்ட மனைவியர் என்ன நினைத்தார்கள் என்று யாரும் சொல்வதுமில்லை.

பிற்காலத்தில் சாக்சன்கள் ஊரை விட்டகன்றதற்குப் பகைவர் முற்றுகை காரணமல்ல. 1945 ஜனவரியில் உழைக்கும் வயதுச் சாக்சன்கள் சோவியத் ஒன்றியத்துக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ருமேனியக் கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்குவின் ஆட்சியில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டிப் பலரை அழைத்துக்கொண்டது. அந்த ஆட்சியைக் கவிழ்த்த 1989 புரட்சிக்குப் பின், எஞ்சியவர்களிலும் பெரும்பாலோர் ஜெர்மனிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

1993இல் யுனெஸ்கோ பியெர்தானை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1999இல் மேலும் ஆறு கோட்டைத் தேவாலயக் கிராமங்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. அவற்றில் தர்ஜியு மட்டும் சாக்சன்களுடையதல்ல; அங்கேரிய மொழி பேசும் செக்லர்களின் ஊர்.