கண்ணாடியில் சிக்கிய பார்வை
மேடை கண்ட மன்னர்கள் – 23

சென்ற வாரம், 1598-ன் இறுதியில் அக்பர் லாகூரை விட்டு ஆக்ராவுக்குக் கிளம்பியதோடு நிறுத்தியிருந்தோம். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது வேண்டியிருக்கிறது.

1922-ல் அதே லாகூரில் இம்தியாஸ் அலி தாஜ் என்ற இளைஞர் ‘அனார்கலி’ என்ற உருது நாடகத்தை எழுதினார். வயது இருபத்திரண்டுதான் இருக்கும். அவருடைய தாய் முஹம்மதி பேகம், பெண்களுக்கான உருதுப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். நாடகக் கம்பெனிகள் கதையை அங்கங்கே மாற்றித் தரச் சொன்னபோது தாஜ் மறுத்துவிட்டார். அதனால் மேடை காணுமுன்பே புத்தகமாகப் பேர் வாங்கிய நாடகம் இது.

காதல், நடனம், மரணம் என்று மூன்றே பகுதிகள். நடுப்பகுதியில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. கண்ணாடிகள் பதித்த மாளிகையில் நவ்ரோஸ் கொண்டாட்டம். அனார்கலி ஆடுகிறாள். அவளுக்கும் இளவரசர் சலீமுக்கும் நடுவே ஓடும் பார்வையை அக்பர் நேராகப் பார்ப்பதில்லை, கண்ணாடியில் பார்க்கிறார். அங்கே அவரை உட்காரவைத்துப் பார்க்கச் செய்தது தில்ஆராம் என்ற பணிப்பெண்ணின் பொறாமை. சபை நடுவே மகனின் ரகசியம் கண்ணாடிச் சில்லு ஒன்றில் தந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு வசனமும் தேவைப்படாத இடம் அது. அதன் பிறகு அவளுக்குக் காத்திருப்பது, அவளை உயிரோடு உள்ளே வைத்து எழுப்பும் சுவர்.

நம் ஊருக்கும் அந்தச் சுவர் புதிதல்ல. 1954-ல் வந்த ‘இல்லற ஜோதி’ படத்துக்குள்ளேயே சிவாஜி சலீமாக நின்ற அனார்கலி நாடகம் உண்டு. ‘முகல்-எ-ஆசம்’ தமிழ் பேசி ‘அக்பர்’ என்ற பெயரில் வந்தது.

இது நடந்ததா? அக்பரின் வரலாற்றை எழுதிய அபுல் ஃபசல் இதை எழுதவில்லை. ஜஹாங்கீராக அரியணையேறிய சலீம், தம் நினைவுக் குறிப்புகளில் அவள் பெயரையே எடுக்கவில்லை. 1611-ல் லாகூருக்கு வந்த ஆங்கிலேய வணிகர் வில்லியம் ஃபின்ச்தான் முதலில் எழுதுகிறார். அதிலும் அவள் நடனக்காரி அல்ல, அக்பரின் மனைவியரில் ஒருத்தி. லாகூரில் அவளுக்கு எழும்பிக்கொண்டிருந்த கல்லறையையும் அவர் குறிப்பிடுகிறார். அந்தக் கல்லறையில் பொறித்த ஹிஜ்ரி ஆண்டுகள் நம் கணக்கில் 1599, 1615. முதலாவது அவள் இறந்த ஆண்டு என்றால், அப்போது அக்பர் லாகூரிலேயே இல்லை. சலீமுக்கு வயது முப்பது. குஸ்ரூ, பர்வேஸ், குர்ரம் என்று பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். அங்கே கிடப்பது சலீமின் மனைவி சாஹிப் ஜமால் என்று சொல்பவர்களும் உண்டு.

தாஜ் இதையெல்லாம் மறைக்கவில்லை. வழிவழியாகச் சொல்லப்படும் கதையைத்தான் எடுத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒன்றை மட்டும் அவர் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை: அப்பனுக்கும் மகனுக்கும் இருந்த பகை. 1600-ல் சலீம் அலகாபாத்தில் தனி தர்பார் நடத்தினார். 1602-ல் அக்பரின் உயிர் நண்பர் அபுல் ஃபசலை ஆள் வைத்துக் கொன்றார். மேடையில் அக்பரின் குரல் நடுங்கும்போது, நான் அந்த ஆண்டுகளைத்தான் கேட்கிறேன்.

கல்லறை இன்றும் லாகூர் தலைமைச் செயலக வளாகத்தில் இருக்கிறது. எட்டுப் பட்டைக் கட்டடம். ஆங்கிலேயர் முதலில் அதைத் தேவாலயமாக்கினார்கள், பிறகு பஞ்சாப் அரசின் ஆவணக் காப்பகமாக்கினார்கள். எந்த ஆவணத்திலும் இல்லாத பெண்ணைச் சுற்றி அலமாரி அலமாரியாக ஆவணங்கள்.

உள்ளே வெள்ளைப் பளிங்குப் பேழை. அதன்மேல் இறைவனின் 99 திருநாமங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பாரசீக வரிகள், அவற்றோடு, செதுக்கச் சொன்னவரின் பெயர்: ‘மஜ்னூன் சலீம் அக்பர்’. காதலில் பித்தான, அக்பரின் மகன் சலீம். அவள் பெயர் பேழையில் எங்கும் இல்லை.