பர்மாவில் நற்கடைப்பிடி இல்லறத்தார்க்கு எய்திய வரலாறு

பௌத்தர் கூறும் எண்வகை நெறியுள் ஏழாவதாய் நிற்பது நற்கடைப்பிடி. பாலிமொழியில் இதனை ஸதி என்பர். உடல், நுகர்ச்சி, உள்ளம், தருமம் என்னும் நான்கன்கண் அறிவை நிறுத்தி, அவை தோன்றி மாயுமாற்றை இடையறாது நோக்குதலே இதன் இயல்பாம். மச்சிம நிகாயத்துப் பத்தாம் சூத்திரம் பிக்குகளை விளித்து இதனை விரித்தோதுகின்றது. உட்புகும் மூச்சையும் வெளிச்செல்லும் மூச்சையும் உள்ளவாறு அறிதல் ஆண்டு முதற்பயிற்சியாக வைக்கப்பட்டுள்ளது. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் வதிந்த புத்தகோஷர், தம் விசுத்திமக்கத்தில் இதன் படிமுறைகளை வகுத்துரைத்தார்.

ஆயினும் இப்பயிற்சி நெடுங்காலம் துறவியருள்ளும் சிலர்பாலே நின்றது. தானமும் சீலமுமே இல்லறத்தார்க்குரியனவாகப் பெரும்பாலும் கருதப்பட்டன. இந்நிலை மாறியதற்குக் காரணம் பர்மாவின் அரசியல் வீழ்ச்சியாகும். அந்நாட்டில் அரசனே சாசனத்திற்குக் காவலன். மிண்டோன் மன்னர் 1871-இல் மாந்தளை நகரில் பௌத்தப் பேரவை கூட்டித் திரிபிடகத்தை ஓதுவித்தார். அவர் மைந்தர் தீபா 1885-இல் ஆங்கிலேயரால் அரசிழந்து இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டார். காவலன் நீங்கியபின் சாசனத்தைக் காப்பார் யார் என்னும் வினா எழுந்தது.

லெடி சயடோ (1846–1923) என்னும் துறவியார், இல்லறத்தாரும் அதனைக் காத்தற்குரியரென விடை கண்டார். அபிதருமத்தை எளிய பர்மிய நடையில் எழுதியும், ஊர்தோறுஞ் சென்று கற்பித்தும் பரப்பினார். ஆழ்ந்த சமாதி கைவரப்பெறாதாரும் விபஸ்ஸனை என்னும் மெய்க்காட்சிப் பயிற்சியைத் தொடங்கலாம் என அவர் அறிவுறுத்தியமையே பலர்க்கும் வாயில் திறந்தது.

அவர்வழி வந்த சயா தெட்ஜி (1873–1945) உழவுத்தொழில் புரிந்த இல்லறத்தார். அவர் மாணவர் ஊ பா கின் (1899–1971) பர்மிய அரசின் தலைமைக் கணக்காளராயிருந்தும் இரங்கூனில் 1952-இல் தியான நிலையம் நிறுவினார். இவர் மாணவரும் மாந்தளையிற் பிறந்தவருமாகிய கோயங்கா 1969-இல் இந்தியாவிற்கு இம்முறையைக் கொணர்ந்தார். வேறொரு மரபினராகிய மகாசி சயடோ (1904–1982), மூச்சினால் வயிறு எழுதலையும் தாழ்தலையும் குறித்தறியும் முறையை 1949 முதல் இரங்கூனிற் பயிற்றினார். 1979-இல் அமெரிக்க மருத்துவர் நிலையமொன்றிலும் இதனைத் தழுவிய பயிற்சி நோயாளர்க்கு அளிக்கப்படலாயிற்று.

இங்ஙனம் பரந்த காலத்து, மனவமைதியே இப்பயிற்சியின் பயனெனப் பலரும் கொள்வாராயினர். மூலநூற் கருத்து அஃதன்று. அநித்தம், துக்கம், அநாத்மம் என்னும் மூன்றையுங் கண்டு பற்றறுத்தலே அதன் முடிபு. அமைதி இடைவழியில் எய்துவது. புத்தர் நெறியை ஏற்பாரும் மறுப்பாரும் பயிற்சியை அதன் முடிபோடு சேர்த்து ஆராய்தலே முறையாகும்.