ஓர் ஏடு இரண்டான கதை

1948 டிசம்பர் 10-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தில், 'ஆடவர்' எனப் பொருள்படவும் இடமளித்த சொல்லை 'மனிதப் பிறவியர்' என மாற்றுவித்தவர் நம் ஹன்ஸா மேத்தா அம்மையார். ஆயினும் பிரகடனம் நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. அதனை உடன்படிக்கையாக வடிக்கப் புகுந்தபோது பூசல் எழுந்தது. பேச்சுரிமையும் பிழைப்புரிமையும் ஒரே ஏட்டில் அடங்குமோ? ஒருவரைச் சிறையிடாதிருக்க அரசுக்குப் பணம் வேண்டாம். பள்ளி கட்டப் பணம் வேண்டுமே! இரண்டாகப் பிரிக்க வேண்டுமென்றோரில் இந்தியாவும் ஒன்று. 1952-ல் அவ்வாறே முடிவாயிற்று.

1966-ல் இரு உடன்படிக்கைகளும் நிறைவேறின. 1976-ல் நடைமுறைக்கு வந்தன. 1979 ஏப்ரல் 10-ல் இந்தியா இரண்டிலும் சேர்ந்தது.

பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை ஏட்டில் நியாயமான கூலி, உணவு, உறையுள், கல்வி யாவும் உண்டு. 'இயன்ற வளங்கொண்டு, படிப்படியாக' என்ற தொடரும் உண்டு. ஏழை நாட்டுக்கு அது நியாயம். சோம்பும் அரசுக்குப் புகலிடம் என்பது நம் கருத்து. உரிமை இழந்தவர் ஐ.நா. குழுவிடம் நேரே முறையிட 2008-ல் பிறந்த துணை ஏட்டில் இந்தியா சேரவில்லை.

பிழைப்பை நாடி வந்த நமக்கு நெருக்கமானது 15-ஆம் விதி: பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமை. நம் அரசியல் சட்டத்திலோ, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க மாநிலங்கள் முயலவேண்டுமென்னும் 350-ஏ பிரிவு 1956-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. நம் காலனிச் சிறார் இன்றும் ஞாயிறு காலையில் சங்கத்துத் தாழ்வாரத்தில் பாய் விரித்தே அகரம் எழுதுகின்றனர்.