பிரேத பரிசோதனையும் உறவினர் சம்மதமும்: இங்கிலாந்தின் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இறந்தவர் உடலை அறுத்து ஆராய்வதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்னும் வினா மருத்துவ ஒழுக்கவியலுக்கு மட்டும் உரியதன்று. அது வர்க்கம் பற்றிய வினாவுமாகும். 1999ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிப்பட்ட உறுப்புச் சேகரிப்பு விவகாரத்தை வைத்தியர் சிலரின் தவறெனக் கூறி அமைவோர் உளர். அதன் வேர்கள் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம்வரை செல்கின்றன என்பதே நமது கருத்து.

1752ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, தூக்கிலிடப்பட்ட கொலையாளியின் உடலை அறுத்தல் தண்டனையின் ஒரு பகுதியாயிற்று. மருத்துவக் கல்வி வளர, அவ்வுடல்கள் போதாமற் போயின. புதைகுழித் திருட்டு ஒரு தொழிலாகவே நடைபெற்றது. 1828ஆம் ஆண்டளவில் எடின்பரோ நகரில் பேர்க், ஹெயர் என்னும் இருவர் 16 பேரைக் கொன்று உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றனர். (பேர்க்கின் உடலும் பின்னர் அறுக்கப்பட்டது.)

இதற்குப் பாராளுமன்றம் கண்ட பரிகாரமே 1832ஆம் ஆண்டுச் சட்டம். உடலைச் சட்டப்படி தம்வசம் வைத்திருப்பவர் அதனை அறுப்பதற்கு அனுமதிக்கலாம் என்றது அது. வறியோர் விடுதியில் இறந்து, எவராலும் கேட்கப்படாத உடலைத் தம்வசம் வைத்திருந்தவர் யார்? விடுதியின் அதிகாரியே. உறவினர் மறுப்புத் தெரிவிக்க இடமிருந்தது உண்மையே. ஆயினும் அடக்கச் செலவுக்கு வழியற்ற குடும்பம் உடலைக் கேட்டுப் பெறுவது எங்ஙனம்? கொலையாளிக்குத் தண்டனையாயிருந்தது வறியவனுக்கு விதியாயிற்று.

1961ஆம் ஆண்டின் மனித இழையச் சட்டம் இதே சொற்றொடரை மேற்கொண்டது. உடல் இப்பொழுது வைத்தியசாலையின் வசம் இருந்தது. உறவினரின் சம்மதத்தைப் பெறவேண்டும் என அச்சட்டம் கூறவில்லை. இயன்றவரை விசாரித்து, ஆட்சேபம் இல்லையென அறிந்தாற் போதும் என்றது. மீறுவோர்க்குத் தண்டனை எதனையும் அது விதிக்கவுமில்லை.

பிறிஸ்ரல் நகரிற் குழந்தைகளின் இருதயச் சத்திரசிகிச்சை பற்றி நடைபெற்ற விசாரணையில், 1999இற் சாட்சியொருவர் லிவர்பூல் நகரின் ஆல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலையில் உள்ள இருதயச் சேகரிப்பைக் குறிப்பிட்டார். 2001 ஜனவரியில் வெளிவந்த றெட்பேர்ண் அறிக்கை, அங்கு 1988 முதல் 1995 வரை குழந்தைகளின் உறுப்புகள் பெற்றோர் அறியாவண்ணம் அகற்றி வைக்கப்பட்டமையை விவரித்தது. நாடளாவிய கணக்கெடுப்பு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்புகளும் உடற்பகுதிகளும் சேமிப்பில் உள்ளமையைக் காட்டிற்று. உறுப்புகள் தவணை தவணையாகத் திருப்பித் தரப்பட்டமையால், ஒரே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் ஈமக்கிரியை செய்த பெற்றோரும் உளர்.

இப்பெற்றோருட் பலர் படிவத்திற் கையெழுத்திட்டிருந்தனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. படிவம் ‘இழையம்’ என்றது. அச்சொல்லைப் பெற்றோர் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கும் சிறு துண்டு எனக் கொண்டனர். வைத்தியர் முழு இருதயத்தையும் மூளையையும் அதனுள் அடக்கினர். விளக்கிக் கூறுவது துயரைப் பெருக்கும் என்பது வைத்தியர் தரப்பு வாதம். அதில் உண்மை அறவே இல்லையென நாம் கூறமாட்டோம். ஆனால் அம்மௌனத்தால் இடர்ப்பாட்டினின்றும் தப்பியவர் பெற்றோரா, வைத்தியரா? மரண விசாரணை அதிகாரியின் கட்டளைப்படி நடைபெறும் பரிசோதனைக்குச் சம்மதம் வேண்டியதில்லை. மரண காரணம் அறியப்பட்ட பின்னரும் உறுப்புகளை வைத்திருப்பதற்கு அக்கட்டளை இடந்தரவில்லை; அதனை எடுத்துரைப்பாரும் இலர்.

2006இல் நடைமுறைக்கு வந்த 2004ஆம் ஆண்டுச் சட்டம் சம்மதத்தை அடிப்படையாக்கியது. மீறுவோர்க்கு மூன்றாண்டுவரை சிறை விதித்தது. இறந்தவர் உயிருடனிருந்தபோது தெரிவித்த விருப்பமே அதில் முதலிடம் பெறுகின்றது. ஸ்கொத்லாந்து ‘சம்மதம்’ என்பதை விடுத்து ‘அதிகாரமளித்தல்’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டது. சம்மதம் கேட்பவர் அதற்கெனப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். பிரேத பரிசோதனையொன்றை நேரிற் கண்டிருத்தல் விரும்பத்தக்கது. உறவினர் மனம் மாறுவதற்கு அவகாசம் அளித்தல் வேண்டும் என இன்றைய வழிகாட்டல்கள் கூறுகின்றன.

உறவினர் சம்மதத்துடன் நடைபெறும் பரிசோதனைகள் அருகியமைக்கு இச்சட்டத்தையே குறைகூறும் வைத்தியரும் உளர். 2013இல் ஐக்கிய இராச்சியத்தின் வைத்தியசாலை மரணங்களுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றிலேயே அவை நடைபெற்றன. எனினும் அவ்வீழ்ச்சி ஆல்டர் ஹே செய்தி வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தது.