ஆட்டக் கோட்பாட்டில் அறிவும் நம்பிக்கையும்

ஒருவரின் ஆதாயம் அவர் எடுக்கும் முடிவோடு பிறர் எடுக்கும் முடிவையும் சார்ந்திருக்கும் நிலைமைகளைக் கணித முறையில் ஆராய்வது ஆட்டக் கோட்பாடு. அதில் ஆட்டக்காரருக்கு என்ன தெரியும், பிறரைப் பற்றி அவர் என்ன நம்புகிறார், தம்மைப் பற்றிப் பிறர் என்ன நம்புவதாகக் கருதுகிறார் என்பதைத் தனித்து எடுத்து ஆராயும் கிளையும் உண்டு. எவரும் தம் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டு கூடுதல் ஆதாயம் பெற முடியாத நிலையை ஜான் நாஷ் 1950இல் வரையறுத்தார். பகுத்தறிவுள்ளவர்கள் அந்த நாஷ் சமநிலைக்குத் தாமாகவே வந்துசேர்வார்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மைதான். தனித்தனியே விசாரிக்கப்படும் இருவர் ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கைதிகளின் இக்கட்டில், மற்றவர் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பவருக்கே லாபம். அங்கே எதிராளியின் மனம் தெரியத் தேவையில்லை. மற்ற பல ஆட்டங்களில், எவ்வளவு கூர்மையாக யோசித்தாலும், எதிராளி எப்படி யோசிப்பார் என்பதில் ஒரு நம்பிக்கை இல்லாமல் முடிவுக்கு வர வழியே இல்லை.

இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் ஜான் ஹர்சானி. 1960களின் நடுவில் அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு முகமைக்கு ஆலோசனை சொன்ன ஆட்டக் கோட்பாட்டாளர்களில் அவரும் ஒருவர். சோவியத் தரப்பின் பலம் அமெரிக்காவுக்குச் சரியாகத் தெரியாது. அமெரிக்காவுக்கு எவ்வளவு தெரியும் என்பது சோவியத்துக்கும் தெரியாது. முடிவில்லாமல் நீளும் இந்தச் சங்கிலிக்கு 1967-68இல் வெளிவந்த கட்டுரைகளில் அவர் வழி கண்டார்: ஒவ்வோர் ஆட்டக்காரரும் சாத்தியமான பல வகைகளில் ஒருவர் என்று கொண்டு, அந்த வகைகளுக்கு நிகழ்தகவு கொடுத்துக் கணக்கிடலாம். எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும் என்று எல்லை இல்லாமல் தொடரும் நிலையைக் கூட்டறிவு எனலாம். தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1969இல் அதை விளக்கினார். ராபர்ட் ஆமன் 1976இல் கணித வடிவம் தந்தார்.

கூட்டறிவு எவ்வளவு கனமான நிபந்தனை என்பதை எளிய ஓர் எண் ஆட்டம் காட்டிவிடும். 0 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுத வேண்டும். எல்லோருடைய எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் இருப்பவருக்குப் பரிசு. எல்லோரும் பகுத்தறிவுள்ளவர்கள் என்பது கூட்டறிவாக இருந்தால் விடை 0. ரோஸ்மேரி நாகெல் 1995இல் வெளியிட்ட சோதனையில் முதல் சுற்றுச் சராசரி ஏறத்தாழ 37. டென்மார்க்கின் ‘பொலிடிக்கன்’ நாளிதழ் 2005இல் நடத்திய போட்டியில் 19,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். வென்ற எண் 21.6. அங்கே 0 எழுதியவர் தர்க்கத்தில் பிழை செய்யவில்லை, பிறரைக் கணித்ததில்தான் தோற்றார்.

ராபர்ட் ரோசந்தால் 1981இல் முன்வைத்த பூரான் ஆட்டம் இதைவிடத் தெளிவான சான்று. அதில் இருவர் மாறி மாறி, பெரிய பங்கை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தலாம், அல்லது வாய்ப்பை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கலாம். ரிச்சர்ட் மெக்கெல்வியும் தாமஸ் பால்ஃப்ரீயும் நடத்திய சோதனையின் ஆறு வாய்ப்பு வடிவத்தில், முதலில் ஆடுபவர் உடனே நிறுத்தினால் அவருக்கு 40 சென்ட், எதிராளிக்கு 10 சென்ட். ஒவ்வொரு முறை விட்டுக்கொடுக்கும்போதும் மொத்தத் தொகை இரட்டிக்கும். இருவரும் கடைசிவரை நிறுத்தாவிட்டால் முதலில் ஆடியவருக்கு 25.60 டாலர், மற்றவருக்கு 6.40. கடைசி வாய்ப்பு உள்ளவர் நிறுத்துவதே அவருக்கு லாபம். அது தெரிந்தால் அதற்கு முந்தியவர் நிறுத்துவார். இப்படியே பின்னோக்கி வந்தால் முதல் வாய்ப்பிலேயே ஆட்டம் முடிய வேண்டும். அவர்கள் 1992இல் வெளியிட்ட முடிவுகளின்படி, எல்லா வடிவங்களையும் சேர்த்து 662 ஆட்டங்களில் 37 மட்டுமே அப்படி முடிந்தன. பின்னர் இக்னாசியோ பலாசியோஸ்-ஹுவெர்ட்டாவும் ஆஸ்கர் வோலிஜும் சதுரங்க வீரர்களைச் சேர்த்துக்கொண்டு 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாணவரோடு மாணவர் ஆடியபோது சுமார் 3 சதவீதம் ஆட்டங்களே முதல் வாய்ப்பில் நின்றன. எதிரில் இருப்பவர் சதுரங்க வீரர் என்று தெரிந்ததும் மாணவர்கள் ஏறத்தாழ 30 சதவீத ஆட்டங்களில் உடனே நிறுத்தினார்கள். மாணவர்களின் திறமை ஒரே நாளில் கூடிவிடவில்லை. எதிராளியைப் பற்றிய அவர்களின் எண்ணமே மாறியிருந்தது.

இதற்கு மறுப்பு உண்டு. ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட், சாலி சடாஃப் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் சதுரங்க வீரர்களும் மாணவர்களைப் போலவே விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அதே ஆய்வு இந்த வாதத்துக்கே துணை நிற்கிறது. மாறி மாறி எண்களைக் கூட்டி முதலில் 100ஐ எட்டுபவர் வெல்லும் ஆட்டத்தில் பிழையின்றி ஆடியவர்கள்கூடப் பூரான் ஆட்டத்தில் முன்கூட்டியே நிறுத்தவில்லை. நூறை எட்டும் ஆட்டத்தில் சரியான வழி எதிராளியின் புத்தியைச் சார்ந்ததல்ல. பின்னோக்கிக் கணக்கிடும் திறமை அவர்களிடம் இருந்தது. எதிராளியும் அப்படியே கணக்கிட்டு நிறுத்துவார் என்ற நம்பிக்கை இருக்கவில்லை. மற்றவருக்கும் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணமே காரணம் என்பாரும் உண்டு. பூரான் ஆட்டத்தில் அதற்கு இடம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவருக்கே பரிசு கிடைக்கும் எண் ஆட்டத்தில் அந்த விளக்கம் செல்லாது. நம்பிக்கையை வைத்து எந்த முடிவையும் நியாயப்படுத்திவிடலாம் என்ற குற்றச்சாட்டும் பொருந்தாது: எதிராளி யார் என்ற தகவலை மட்டும் மாற்றி விளைவை அளக்க முடிகிறது.

எந்த நம்பிக்கைகள் இருந்தால் நாஷ் சமநிலை அமையும் என்பதற்குக் கோட்பாட்டின் உள்ளேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. ஆமனும் ஆடம் பிராண்டன்பர்கரும் 1995இல் நிறுவியபடி, இருவர் ஆடும் ஆட்டத்தில் ஆதாயங்களையும் பகுத்தறிவையும் ஒருவரைப் பற்றி ஒருவர் கொண்ட ஊகங்களையும் இருவரும் அறிந்திருந்தால் அந்த ஊகங்கள் நாஷ் சமநிலையாக அமையும். மூவரோ அதற்கு மேற்பட்டவர்களோ ஆடினால் அதுவும் போதாது: எல்லோரும் ஒரே தொடக்க நிகழ்தகவுகளிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும், ஊகங்களும் கூட்டறிவாக இருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்காமல் சந்தைக்கோ ஏலத்துக்கோ தேர்தல் கூட்டணிக்கோ நாஷ் சமநிலையை முன்கணிப்பாகச் சொல்வது தவறு.